ஆஸ்துமா நோயாளி செய்த கேமரா: லைக்காவின் இரண்டு வரலாறுகள்

1)
2022 ஜூன் மாதம் ஒரு கேமரா ஏலம் போனது. விலை 14.4 மில்லியன் யூரோ. நம்ம ஊர் கணக்கில் நூறு கோடி ரூபாய்க்கு மேல. அதுவரை உலகத்தில் எந்தக் கேமராவுக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. 1923இல் சோதனைக்காகச் செய்த ஒரு சின்ன ஜெர்மன் கேமரா அது. அதன் மேல ஒரு பெயர் பொறித்திருக்கும்: ஆஸ்கர் பார்னாக்.

2)
யார் இந்தப் பார்னாக்? போட்டோகிராஃபரா? இல்லை. பெரிய பட்டம் படித்த விஞ்ஞானியா? அதுவும் இல்லை. இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு மெக்கானிக். 1879இல் பிறந்தவர். கூடவே ஒரு ஆஸ்துமா நோயாளி. அவருடைய மூச்சுத்திணறலில் தொடங்கி ஹிட்லர் காலத்துச் சிறை வரைக்கும் போகிற கதை இது. கொஞ்சம் நீளம் மக்களே, பொறுமையா வாங்க.

3)
1905 வாக்கில் படம் எடுக்கணும்னா 13க்கு 18 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு போடுகிற பெட்டிக் கேமராவைத் தூக்கணும். தகடுகள் ஒரு பை, ஸ்டாண்ட் ஒரு பக்கம். பார்னாக்குக்கு மலையேற்றமும் பிடிக்கும், படம் எடுக்கவும் பிடிக்கும். ஆனா மூச்சு விடணுமே! இன்னைக்கு நாம நீலக் கலர் இன்ஹேலரில் கொடுக்கிற சால்பூட்டமால் மருந்தே 1960களின் கடைசியில்தான் வந்தது. அந்த மனுஷனுக்கு அதெல்லாம் கிடையாது.

4)
நோயை மாற்ற முடியாது, சரி, சுமையை மாற்றலாமே என்று யோசித்தார். நெகட்டிவ் சின்னதாக இருக்கட்டும், படத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். முதலில் ஒரே கண்ணாடித் தகட்டில் பல குட்டிப் படங்கள் எடுத்துப் பார்த்தார். சரியா வரல. பெரிதாக்கினால் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. யோசனை அப்படியே கிடப்பில் போனது.

5)
1911இல் வெட்ஸ்லர் என்ற சின்ன ஊரில் இருந்த லைட்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். லைட்ஸ் அப்போது கேமரா கம்பெனியே இல்லை, மைக்ராஸ்கோப் கம்பெனி. எங்க துறைக்காரங்களுக்கு நல்லா தெரிந்த பெயர். தங்களுடைய 1,00,000ஆவது மைக்ராஸ்கோப்பை 1907இல் அவர்கள் பரிசாகக் கொடுத்தது, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்குக்கு.

6)
அங்கே பார்னாக்குக்கு சினிமா கேமரா சம்பந்தப்பட்ட வேலை. கையில் சினிமா ஃபிலிம் வந்ததும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. சினிமாவில் ஒரு ஃபிரேம் 18க்கு 24 மில்லிமீட்டர். ஃபிலிமைப் படுக்கை வாக்கில் ஓட்டி, இரண்டு ஃபிரேமை ஒன்றாக்கினார். 24க்கு 36. இன்னைக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிற 'ஃபுல் ஃபிரேம்' டிஜிட்டல் கேமராவுக்குள்ள இருக்கிற சென்சார் அளவும் இதுதான்.

7)
1914க்குள் முதல் மாதிரி தயார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அந்த ஆகஸ்டில் முதல் உலகப்போர் வெடித்தது. படைதிரட்டும் அறிவிப்பை ஒரு ராணுவ வீரர் வெட்ஸ்லர் தெருவில் ஒட்டிவிட்டு நிற்பதை பார்னாக் இந்தக் குட்டிக் கேமராவில் எடுத்தார். அதன்பிறகு போரில் எல்லாம் நின்றது. கேமரா பத்து வருஷம் காத்திருந்தது.

8)
போர் முடிந்தும் விடியவில்லை. 1923இல் ஜெர்மனியில் பணவீக்கம் உச்சத்துக்குப் போனது. கூலியை வாங்கி வெளியே வருவதற்குள் அதன் மதிப்பு இறங்கிவிடும். தொழிலாளர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்க ஒரு புதுப் பொருள் வேண்டும். 1924இல் முதலாளி இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் கூட்டம் போட்டார். பலருக்கும் தயக்கம்: இந்தப் பொம்மையை யார் வாங்குவார்கள்? கடைசியில் அவரே முடிவெடுத்தார். ரிஸ்க் எடுப்போம்.

9)
1925இல் லைப்சிக் வர்த்தகக் கண்காட்சியில் கேமரா வெளிவந்தது. 'லைட்ஸ்' பாதி, 'கேமரா' பாதி சேர்ந்து 'லைக்கா'. லென்ஸை வடிவமைத்தவர் மாக்ஸ் பெரெக், அவரும் மைக்ராஸ்கோப் ஆள்தான். குட்டி நெகட்டிவில் இருந்து தெளிவான பெரிய படம் வந்ததற்குப் பாதிக் காரணம் அந்த லென்ஸ். மீதி, பார்னாக்கின் கை.

10)
போட்டி சும்மா இருக்குமா? நான்கு கேமரா கம்பெனிகள் 1926இல் ஒன்று சேர்ந்து, டிரெஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சைஸ் ஐகான் ஆகின. தலைவர் எமானுவேல் கோல்ட்பெர்க், யூத விஞ்ஞானி. ஒரு பக்க எழுத்தை ஒரு புள்ளி அளவுக்குச் சுருக்கிப் படமெடுத்துக் காட்டிய ஆள். 1932இல் லைக்காவுக்கு எதிராக இவர்கள் இறக்கியது 'காண்டாக்ஸ்'. லைக்காவின் ஷட்டர் துணித் திரை, இதில் உலோகத் திரை.

11)
இந்தச் சின்னக் கேமராக்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் இரண்டு 'டாக்டர்'கள் உண்டு. ஒருவர் பால் வோல்ஃப், நிஜமாகவே மருத்துவம் படித்தவர். முதல் உலகப்போர் முடிந்ததும் சொந்த ஊரான அல்சாஸ் பகுதியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மருத்துவத்தை விட்டுக் கேமராவைப் பிடித்தார். வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடு, டெவலப்பிங்கைக் குறை, புள்ளி தெரியாது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

12)
இன்னொருவர் எரிக் சாலமன், சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய யூதர். 1928இல் பெர்லின் கோர்ட்டில் தொப்பிக்குள் கேமராவை ஒளித்து வைத்து, பரபரப்பான ஒரு வழக்கின் படங்களை எடுத்தார். பிறகு சர்வதேச மாநாடுகளில், மந்திரிகள் கொட்டாவி விடுவதையும் சோபாவில் சாய்ந்து தூங்குவதையும் எடுத்தார். ஃபிளாஷ் கிடையாது. மெக்னீசியப் புகை கிடையாது. பெரிய மனுஷங்களை மனுஷங்களாகக் காட்டினது சின்னக் கேமராதான்.

13)
1933 வந்தது. ஹிட்லர் ஆட்சி. ஏப்ரல் மாதம் கோல்ட்பெர்க்கை நாஜி குண்டர்கள் அவருடைய வேலை இடத்தில் இருந்தே கடத்திக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து விட்டார்கள். அவர் நாட்டை விட்டே கிளம்பினார், முதலில் பாரிஸ், பிறகு பாலஸ்தீனம். உலகத்தின் ஆகப்பெரிய கேமரா கம்பெனிகளில் ஒன்றை நடத்தியவருக்கே இந்தக் கதி. சாதாரண யூதத் தொழிலாளிக்கு என்ன கதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

14)
இங்கேதான் வெட்ஸ்லர் முதலாளியிடம் திரும்ப வரணும். இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர், ஆரம்பத்தில் நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்தவர். 1933க்குப் பிறகு அவரிடம் உதவி கேட்டு யூதர்கள் வர ஆரம்பித்தார்கள். கடைக்காரர்கள், பழைய நண்பர்கள், அவர்களுடைய பிள்ளைகள்.

15)
அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலை. யூத இளைஞர்களைக் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். வேலை கற்றுக் கொடுத்தார். அப்புறம் 'எங்கள் வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்புகிறோம்' என்று கப்பல் ஏற்றிவிட்டார். காகிதத்தில் பார்த்தால் சாதாரண டிரான்ஸ்ஃபர். ஆனால் அது ஒரு உயிர்.

16)
நியூயார்க்கில் இறங்கியவர்கள் அங்கிருந்த லைட்ஸ் அலுவலகத்துக்குப் போவார்கள். வேலை கிடைக்கும் வரை செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள். பலருக்குக் கையோடு ஒரு லைக்காவும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பணத்தை வெளியே கொண்டுபோக விடாத அரசு, கழுத்தில் தொங்கிய கேமராவை விட்டது. கஷ்டம் வந்தால் விற்றுச் சாப்பிடலாம். 1938 நவம்பரில் யூதர் வீடுகளும் கடைகளும் வழிபாட்டுத் தலங்களும் அடித்து நொறுக்கப்பட்ட பிறகு இப்படிப் போனவர்கள் கூடினார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் வழி அடைபட்டது.

17)
இதைப் பிற்காலத்தில் 'லைக்கா விடுதலை ரயில்' என்றார்கள். ரயில் என்று ஒன்று கிடையாது, எல்லாம் கடிதமும் கப்பலும்தான். நாஜிகளுக்கு இது தெரியாதா? ஓரளவு தெரியும். ஆனால் லைக்கா ஏற்றுமதி வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவந்தது, ராணுவத்துக்கு லைட்ஸின் கண்ணாடிக் கருவிகள் தேவைப்பட்டன. அதனால் முதலாளி மேல கைவைக்கத் தயங்கினார்கள்.

18)
அவரைச் சுற்றி இருந்தவர்கள் மேல தயங்கவில்லை. விற்பனைப் பிரிவுத் தலைவர் ஆல்ஃப்ரெட் டர்க், யூதர்களுக்கு உதவிய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். லைட்ஸின் மகள் எல்சி கூன்-லைட்ஸ் சட்டம் படித்தவர். ஹெட்விக் பாம் என்ற யூதப் பெண்ணை ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பவைக்க ஏற்பாடு செய்தார். அந்தப் பெண் வழியில் பிடிபட்டார். 1943 செப்டம்பரில் எல்சியை கெஸ்டபோ ரகசியப் போலீஸ் கைது செய்தது. ஃப்ராங்க்ஃபர்ட் சிறையில் கிட்டத்தட்ட மூன்று மாதம்.

19)
அவர் மேல இன்னொரு புகாரும் இருந்தது. கம்பெனியில் வேலை செய்த உக்ரைன் பெண்களிடம் அளவுக்கு மீறி இரக்கம் காட்டுகிறார் என்று. இந்த வரியை மறுபடி ஒரு தடவை படிங்க. உக்ரைன் பெண்களுக்கு வெட்ஸ்லரில் என்ன வேலை?

20)
இதுதான் இரண்டாவது வரலாறு. அவர்கள் விரும்பி வந்தவர்கள் இல்லை. ஜெர்மன் ராணுவம் பிடித்த நிலத்தில் இருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். லைட்ஸ் ஆலையில் அப்படி நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள். அதே ஆலை ஹிட்லரின் ராணுவத்துக்குக் கருவி செய்து கொடுத்தது. போரின் நடுவில் லைட்ஸும் நாஜிக் கட்சியில் உறுப்பினர் ஆனார்.

21)
அப்போ அவர் நல்லவரா கெட்டவரா? ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு வசதியாக இருக்கும். ஆனால் ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நாங்கள் முடிவு எழுதுவதில்லை. தப்பித்துப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னைக்கு இருக்கிறார்கள், அது உண்மை. கட்டாய வேலைக்கு வந்த பெண்களின் இளமை அங்கே கழிந்தது, அதுவும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிக்காது.

22)
எனக்குப் பெரிசாகப் படுவது வேறு ஒன்று. போர் முடிந்ததும் இதையெல்லாம் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். விளம்பரமே பண்ணியிருக்கலாம். அந்தக் குடும்பம் வாயே திறக்கவில்லை. எழுதக் கேட்டு வந்தவரிடமும் வேண்டாம் என்றார்கள். லைட்ஸ் 1956இல் இறந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 2007இல்தான் ஒரு அமெரிக்க யூத அமைப்பு அவருக்கு மறைவுக்குப் பின்னான விருது கொடுத்தது.

23)
அந்த இரண்டு டாக்டர்கள் என்ன ஆனார்கள்? பால் வோல்ஃப் ஜெர்மனியிலேயே இருந்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை லைக்காவில் எடுத்துப் புத்தகமாகப் போட்டார். ஹிட்லர் தன் ஆட்சியை உலகத்துக்கு அழகாகக் காட்டிய ஒலிம்பிக் அது. எரிக் சாலமன் நெதர்லாந்துக்குத் தப்பினார், ஜெர்மன் ராணுவம் அங்கேயும் வந்தது. 1944இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். சின்னக் கேமராவின் இரண்டு மேதைகள். ஒரே நாடு, ஒரே காலம்.

24)
ஆனால் கேமராவுக்குக் கட்சி தெரியாது. பிரெஞ்சுக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் லைக்காவை மண்ணில் புதைத்துவிட்டு, ஜெர்மன் சிறை முகாமில் இருந்து தப்பிய பிறகு தோண்டி எடுத்தார். 1944 ஜூன் 6, நார்மண்டி கடற்கரையில் அமெரிக்கப் படையோடு இறங்கிய ராபர்ட் காப்பாவின் கையில் இருந்தது காண்டாக்ஸ்.

25)
1945 மே மாதம் பெர்லின் நாடாளுமன்றக் கூரையில் சோவியத் கொடி பறக்கிற அந்தப் படத்தை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் யெவ்கெனி கால்டேய், உக்ரைனில் பிறந்த யூதர். அவருடைய அப்பாவையும் சகோதரிகளையும் நாஜிகள் கொன்றிருந்தார்கள். நாஜி ஆட்சி விழுந்ததை அவர் எடுத்தது ஒரு லைக்காவில்.

26)
தோற்றவனின் சொத்து ஜெயித்தவனுக்கு. காண்டாக்ஸ் செய்கிற இயந்திரங்கள் போர் நஷ்டஈடாக சோவியத் பக்கம் போயின. 1947இல் இருந்து அதே கேமரா 'கீவ்' என்ற பெயரில் உக்ரைனில் வந்தது. சைஸ் கம்பெனி கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி என இரண்டாகி, பெயருக்காகப் பல வருஷம் கோர்ட்டில் நின்றது. ஜெர்மன் காப்புரிமைகள் செல்லாமல் போனதும், காண்டாக்ஸையும் லைக்காவையும் பார்த்துக் கற்ற நிக்கானும் கேனானும் உலகத்தைப் பிடித்தன.

27)
லைக்காவின் நகல் அதற்கும் முன்னாடியே வந்துவிட்டது. கார்கிவ் நகரில் ஆதரவற்ற தெருப் பிள்ளைகளுக்காக ஒரு கம்யூன் நடந்தது, கல்வியாளர் மகரென்கோ நடத்தியது. அந்தப் பிள்ளைகள் 1934 முதல் லைக்காவைப் பார்த்து அப்படியே செய்த கேமரா 'ஃபெட்'. பெயர் எங்கிருந்து? ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி, சோவியத் ரகசியப் போலீஸை உருவாக்கியவர். அநாதைக் குழந்தைகள் கையால் செய்த கேமராவில் ரகசியப் போலீஸ்காரர் பெயர்!

28)
பழைய கேமரா வாங்க ஆசைப்படுகிறவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்க. நெட்டில் கழுகுச் சின்னம், ஸ்வஸ்திகா, ஜெர்மன் விமானப்படை எழுத்தெல்லாம் பொறித்து, தங்க முலாம் பூசி, 'அரிய போர்க்கால லைக்கா' என்று வரும். பெரும்பாலும் அது இந்த ஃபெட் அல்லது அதன் தம்பி ஸோர்க்கி. மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பொறித்தது.

29)
கண்டுபிடிக்க எளிய வழி: லென்ஸைக் கழற்றி உள்ளே மேல் பக்கம் பாருங்க. லென்ஸைத் தொட்டு நகர்கிற ஒரு சின்னக் கை இருக்கும். லைக்காவில் அதன் முனையில் உருளும் சக்கரம். ஃபெட், ஸோர்க்கியில் சக்கரம் கிடையாது, ஆப்பு மாதிரி கூர்ந்த முனை. போலி செய்கிறவன் வெளியில்தான் வேலை காட்டுவான், உள்ளே தொடமாட்டான். ஃபெட்டை ஃபெட் என்று சொல்லி வித்தா தாராளமா வாங்கலாம், நல்ல கேமராதான்.

30)
ஆனால் இந்தப் போலி ஏன் ஓடுது? நாஜிச் சின்னம் இருந்தால் கூடுதல் பணம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்பதால்தான். அசல் ராணுவ லைக்காவை மியூசியத்தில் வைப்பது வேறு. வீட்டு ஷோகேஸில் அந்தச் சின்னத்துக்காகவே வாங்கி வைப்பது வேறு. சாலமனைக் கொன்றவர்களின் முத்திரை அது. கூடுதல் விலை கொடுக்கணும்னா, அகதியின் கழுத்தில் தொங்கி நியூயார்க் போன லைக்காவுக்குத்தான் கொடுக்கணும். அதில் எந்த முத்திரையும் இருக்காது.

31)
லைக்கா எல்லாம் பணக்காரர் சமாசாரம், நமக்கென்னன்னு நினைக்காதீங்க. நம்ம ஊரில் நிறைய பேர் வீட்டு பீரோவில் ஆக்ஃபா கிளிக் III கிடக்கும். ஜெர்மன் டிசைன், இந்தியாவில் தயாரானது. தாத்தா பாட்டி கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த படம், அப்பாவின் அரைஞாண் கயிறு படம் எல்லாம் அதில் எடுத்ததாகவும் இருக்கலாம். அந்த ஆக்ஃபா 1925 முதல் ஐ.ஜி. ஃபார்பென் என்ற ராட்சத ரசாயனக் கூட்டமைப்பின் பகுதி.

32)
அவுஷ்விட்ஸ் பக்கத்தில் கைதிகளை வைத்து ஆலை கட்டியது இதே ஐ.ஜி. ஃபார்பென். மூனிக் நகரின் ஆக்ஃபா கேமரா ஆலையில், டாஹவ் முகாமின் பெண் கைதிகள் வெடிகுண்டுப் பாகம் செய்ய வைக்கப்பட்டார்கள். தண்ணி மாதிரி சூப் ஊற்றினதைத் தாங்க முடியாமல் 1945 ஜனவரியில் அந்த டச்சுப் பெண்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். முகாம் கைதிகள் ஸ்டிரைக்! அந்தத் தைரியத்துக்கு என்ன பெயர் வைப்பது?

33)
அதே ஐ.ஜி. ஃபார்பென் ஆய்வகத்தில்தான் கெர்ஹார்ட் டோமாக் என்ற டாக்டர் 'புரோன்டோசில்' கண்டுபிடித்தார். பாக்டீரியாத் தொற்றுக்கு வந்த முதல் சல்ஃபா மருந்து, பிரசவக் காய்ச்சலில் சாகவிருந்த எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியது. 1939இல் நோபல் பரிசு கிடைத்தது. கெஸ்டபோ அவரைக் கைது செய்து பரிசை மறுக்க வைத்தது. உயிர் காத்த மருந்தும் அங்கேதான், உயிர் எடுத்த ஆலையும் அங்கேதான். லைட்ஸ் கதை தனிக்கதை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

34)
என்கிட்ட இருப்பது 1930களின் கடைசியில் செய்த லைக்கா IIIa ஒன்று. சீரியல் நம்பரை வைத்தே வருஷம் பார்த்துவிடலாம். ஃபிலிம் ரோலை அடித்தட்டைக் கழற்றிக் கீழிருந்து நுழைக்கணும். அதுக்கு முன்னாடி ஃபிலிமின் முனையைக் கத்தரியால் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒடுக்கி வெட்டணும். ஃபோகஸ் பார்க்க ஒரு துவாரம், படம் பார்க்க இன்னொரு துவாரம். வெளிச்சம் அளக்கும் மீட்டர் கிடையாது. 36 படம், அவ்வளவுதான்.

35)
டியூட்டி இல்லாத நாளில் ஒரு ரோல் போடுவேன். ஷட்டர் 'ப்ளக்'னு மெதுவா ஒரு சத்தம் கொடுக்கும், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஒவ்வொரு தடவையும் ஒரே நினைப்புதான். இதைப் பூட்டின கை யாருடையது? பயிற்சிக்கு வந்து, அடுத்த மாதமே கப்பல் ஏறிய ஒரு பையனுடையதாக இருக்குமோ? தெரிய வழியில்லை. அந்த நினைப்போடு எடுத்தால் 36 படத்தையும் வீணாக்க மனசு வராது.

36)
வீட்டில் பழைய கேமரா இருப்பவர்களுக்கு:
லெதர் உறைக்குள் பூட்டி வைக்காதீங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு லென்ஸில் பூஞ்சை படரும், தோலில் படர்தாமரை வருகிற மாதிரிதான். காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைங்க.
துணி ஷட்டர் உள்ள கேமராவை மூடியில்லாமல் சூரியனைப் பார்க்க வைக்காதீங்க, திரையில் ஓட்டை விழும்.
மாதம் ஒருமுறை ஷட்டரை இயக்குங்க. சும்மா கிடந்தால் இறுகிப்போகும்.

37)
அந்தக் கேமராவை யார் வாங்கினார்கள், யார் படம் எடுத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைங்க. லைட்ஸ் குடும்பம் பேசாமல் இருந்ததால் அந்த வரலாறு வெளியே வர அவ்வளவு வருஷம் ஆனது. நம்ம வீட்டு வரலாற்றுக்கு அந்தத் தாமதம் வேண்டாம்.

உங்க வீட்டுப் பழைய கேமரா எது? கீழே படம் போடுங்க, பார்க்கலாம்.